மலைப்பறவைக்குப் பள்ளத்தாக்கே கடல்

நியூ கினித் தீவின் வடகிழக்கு ஓரத்தில் ஹுவோன் தீபகற்பம் இருக்கிறது. அதன் சருவாகெட் மலைகள் 4,000 மீட்டரைத் தாண்டி எழுகின்றன. தெற்கே, தீவின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக நீளும் மத்திய மலைத்தொடரும் அதற்குச் சளைத்ததல்ல. அதிலுள்ள வில்ஹெல்ம் மலையின் உயரம் 4,509 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் மார்க்கம், ராமு என்ற இரண்டு ஆறுகள் எதிரெதிர்த் திசையில் ஓடும் நீண்ட தாழ்நிலம். அந்த ஆறுகளைப் பிரிக்கிற மேடுகூட 500 மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். மேலே 2,500 மீட்டர் உயரக் காட்டில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, கீழே ஒருமுறைகூட இறங்காமல் வாழ்ந்து முடிக்கிற ஒரு சிறு பறவைக்கு அந்தத் தாழ்நிலம் கடலுக்குச் சமம்.

"குறுக்கே மலை வந்தது, பறவைகள் பிரிந்தன" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அடிவாரக் காட்டுப் பறவைகளுக்கு அது சரி. மலைமேல் வாழும் பறவைகளுக்கோ நிலைமை தலைகீழ். அவற்றுக்கு மலை வீடு, பிரிப்பது பள்ளம். வெப்பமண்டலத் தீவுகளில் பறவைகளின் மரபணு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள உச்சி எவ்வளவு உயரம் என்று கேட்பதைவிட, அந்தப் பறவை எந்த உயரத்துக்குக் கீழே இறங்குவதில்லை, இரண்டு மலைகளையும் இணைக்கும் வழிகளில் மிக உயரமாகப் போகும் வழியிலேயே மிகத் தாழ்ந்த இடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு எண்களைக் கேட்பது அதிகம் பயன்படும். முதல் எண்ணைக் கீழ்வரம்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதைத் தாழ்வாசல் என்போம்.

வெப்பமண்டலத்தில் இந்தக் கீழ்வரம்பு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? டேனியல் ஜான்சென் என்ற சூழலியலாளர் 1967-இல் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. குளிர்நாடுகளில் கோடையில் மலைமேல் இருக்கும் வெப்பநிலை, குளிர்காலத்தில் அடிவாரத்திலும் வந்துபோகும். அங்கே வாழும் உயிர் இரண்டுக்கும் பழகியே ஆகவேண்டும். வெப்பமண்டலத்தில் அப்படியில்லை. கடல்மட்டத்தில் சராசரி 27 டிகிரி என்றால், ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்தரை டிகிரி வீதம் குறைந்து, 500 மீட்டரில் 24, 2,500 மீட்டரில் 13 டிகிரி வரும். மாதம் மாறினாலும் இந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை. மேலே இருப்பவை கீழ்ச் சூட்டையும் கீழே இருப்பவை மேற்குளிரையும் ஆயுளில் சந்திப்பதே இல்லை. ஒரே 2,000 மீட்டர் ஏற்றம், வெப்பமண்டலத்தில்தான் உயிர்களுக்கு அதிக உயரமாகத் தெரிகிறது.

ஆனால் பறவை வெப்பரத்தப் பிராணி; இறக்கையும் இருக்கிறது. பத்து டிகிரி வித்தியாசம் ஒரே நாளில் அதைக் கொன்றுவிடாது. கீழ்வரம்பை முடிவு செய்வது பெரும்பாலும் வெப்பநிலை மட்டுமல்ல, அதோடு சேர்ந்து மாறும் மற்றவை: பாசி படர்ந்த முகில்காடு எங்கே முடிகிறது, உண்ணும் பழமும் பூச்சியும் எதுவரை கிடைக்கின்றன, கீழே எந்த உறவுக்கார இனம் இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் கீழ்வரம்பை நிர்ணயிப்பது கொசு. 19-ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் வழியே வந்துசேர்ந்த கொசுவும், அதன் பின் பரவிய பறவை மலேரியாவும் சேர்ந்து, அங்கே மட்டுமே உள்ள தேன்குருவிகளில் பலவற்றைக் குளிர்ந்த மேற்காடுகளுக்குத் துரத்திவிட்டன. இப்படி வந்த வரம்புக்கு வயது இருநூறு ஆண்டுகள்கூட இல்லை; பனியுகம் வரை அதைப் பின்னோக்கி நீட்டிக் கணக்குப் போட்டால் விடை தவறாகத்தான் வரும். ஆகவே வரம்பின் உயரத்தோடு அதன் காரணத்தையும் தேடவேண்டும்.

இன்னொரு சிக்கல், ஒரே இனத்தின் கீழ்வரம்பே மலைக்கு மலை மாறுவது. அகலமான பெரிய மலைத்தொடர்களில் காட்டு மண்டலங்கள் மேலே ஏறியிருக்கும். கடலோரமாகத் தனித்து நிற்கும் சிறிய மலையில் முகில் தாழ்வாகவே படிவதால் அதே மண்டலங்கள் கீழே இறங்கியிருக்கும். பெரிய தொடரில் 2,000 மீட்டருக்கு மேல்தான் காணப்படும் முகில்காடு, சிறு தீவின் ஒற்றை மலையில் 700 மீட்டரிலேயே தொடங்கிவிடலாம். கையேட்டில் போட்டிருக்கும் "1,200 முதல் 2,800 மீட்டர்" என்ற வீச்சு எல்லா மலைகளையும் கூட்டிச் சொன்னது. அதை எடுத்து ஒரு குறிப்பிட்ட மலைக்கு வைத்தால் சில நூறு மீட்டர் பிசகும். கீழ்வரம்பை அந்தந்த மலையில் போய்த்தான் அளக்கவேண்டும்.

இனி பனியுகத்துக்கு வருவோம். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. போர்னியோ ஆசியாவோடும் நியூ கினி ஆஸ்திரேலியாவோடும் நிலத்தால் ஒட்டியிருந்தன. மலைப்பறவைக்கு அதைவிட முக்கியமானது குளிர். வெப்பமண்டல மலைகள் 5 டிகிரி குளிர்ந்திருந்தன என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் மீட்டருக்கு ஐந்தரை டிகிரி என்ற வீதத்தில் காட்டு மண்டலங்கள் சுமார் 900 மீட்டர் கீழே இறங்கியிருக்கும்.

இந்த 900-ஐ ஹுவோன் பள்ளத்தாக்கில் போட்டுப் பார்ப்போம். தாழ்வாசல் 500 மீட்டர். இன்று 1,200 மீட்டரைக் கீழ்வரம்பாகக் கொண்ட பறவைக்குப் பனியுகத்தில் அந்த வரம்பு 300 மீட்டருக்கு வந்திருக்கும். அதாவது, அதற்கேற்ற குளிர் அந்தத் தாழ்வாசலைத் தாண்டிப் பரவியிருந்தது. கடந்துபோக வழி திறந்திருந்தது. இன்று 2,200 மீட்டரைக் கீழ்வரம்பாகக் கொண்ட பறவைக்கு வரம்பு 1,300 மீட்டர் வரைதான் இறங்கும். வாசலுக்கும் அதற்கும் இடையே இன்னும் 800 மீட்டர் மீதம். அது பனியுகத்திலும் கடந்திருக்க முடியாது, தப்பித்தவறிக் காற்றோடு போன ஒன்றிரண்டு பறவைகளைத் தவிர. கடந்த பல லட்சம் ஆண்டுகளில் பனியுகங்கள் ஏறத்தாழ லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தன. வெதுவெதுப்பான இடைக்காலங்கள்தான் குறுகியவை. முதல் பறவைக்கு இன்றைய பிரிவு ஓர் இடைவேளை. இரண்டாவதற்கு அது நிரந்தரம்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. மார்க்கம் பள்ளத்தாக்கு மழைமறைவில் கிடக்கிறது. அதன் பெரும்பகுதி இன்று புல்வெளி. குளிர் இறங்கிவந்தாலும் காடு இறங்கிவந்ததா என்பது வேறு கேள்வி. பனியுகத்தில் பல இடங்கள் இன்றைவிட வறண்டிருந்தன. காட்டின் உள்நிழலை விட்டு வெளியே வராத பறவைக்கு 20 டிகிரியில் இருக்கும் புல்வெளியும் சுவர்தான்.

இருந்தாலும் கணக்கின் போக்கு சரி என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2022-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, நியூ கினியிலும், மலுக்குத் தீவுகளான புரு, செராம் இரண்டிலும் 18 பறவை இனங்களில் தடையின் இரு பக்கமும் வாழும் கூட்டங்களை இணை இணையாக எடுத்து, முழு மரபணுத்தொகை (ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏ) அளவில் ஒப்பிட்டது. நடுவிலுள்ள தடை எவ்வளவு வலுவானதோ, பறவையின் கீழ்வரம்பு எவ்வளவு உயரமோ, அந்த அளவுக்குக் கூட்டங்களுக்கிடையே மரபணு வேறுபாடும் கூடியது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: மிக உயரத்தில் வாழும், மிகவும் வேறுபட்ட இணைகளுக்கிடையிலும் மரபணு ஓட்டம், அதாவது கலந்து மரபணுக்களைப் பரிமாறிக்கொள்வது, அடியோடு நின்றுவிடவில்லை. மேலே "தப்பித்தவறிப் போன ஒன்றிரண்டு" என்று எழுதியதைச் சும்மா விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சிறு கூட்டம் தாண்டிப்போனாலும் மரபணுவில் தடம் பதியும்.

நியூ கினியின் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு மெலிபோட்டஸ் என்ற தேனுண்ணிப் பேரினத்தைப் பார்த்தால் இதெல்லாம் கண்முன் தெரியும். புகைக்கறுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி இறகில்லாத தோல். கிளர்ச்சியடைந்தால் அந்தத் தோல் சிவந்துவிடும். மொத்தம் நான்கு இனங்கள். மேற்கே ஆர்ஃபக் மலையில் ஒன்று, மத்தியத் தொடர் நெடுக ஒன்று, ஹுவோனில் ஒன்று, வடக்கே சதுப்புத் தாழ்நிலங்களுக்கு அப்பால் தனித்து நிற்கும் ஃபோஜா மலையில் ஒன்று. ஃபோஜாவின் இனம் 2005-இல் போன ஆய்வுக்குழுவின் கண்ணில் பட்டு, 2007-இல்தான் முறைப்படி பெயர் பெற்றது. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரமே உள்ள ஒரு மலைக்குத் தனக்கென்று ஓர் இனம் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும் மத்தியத் தொடர் முழுவதற்கும் ஒன்றுதான். தொடரின் உள்ளே எத்தனை சிகரங்கள் இருந்தாலும், அவற்றை இணைக்கும் முகடு கீழ்வரம்புக்கு மேலேயே ஓடினால் பறவை நடந்துபோகிற மாதிரிப் போய்விடும்.

அஸ்ட்ரேபியா என்ற நீண்டவால் சொர்க்கப்பறவைகளில் சற்று வேறு மாதிரி. ஆர்ஃபக்குக்கு ஒன்று, ஹுவோனுக்கு ஒன்று, மத்தியத் தொடருக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டு, நாடாவால் இனமும் ஸ்டெஃபனி இனமும், சந்திக்கும் இடத்தில் கலந்து இனப்பெருக்கம் செய்கின்றன. முகடு தொடர்ந்து ஓடினாலே ஒரே கூட்டமாகிவிடும் என்று முடிவுகட்ட முடியாது என்பதை இவை நினைவூட்டுகின்றன.

இதற்கு மறுபக்கம் முடிப்புறாக்கள். தலையில் இறகுக் கிரீடம் வைத்த, தரையில் நடமாடும் பெரிய தாழ்நிலப் புறாக்கள். இவையும் நான்கு இனம். ஆனால் பிரிந்த விதம் நேர் எதிர். விக்டோரியா முடிப்புறா மத்தியத் தொடருக்கு வடக்கே, ஸ்க்லேட்டர் முடிப்புறா தெற்கே, ஷீப்மேக்கர் முடிப்புறா தென்கிழக்கே, மேற்கத்திய முடிப்புறா மேற்கு முனையில். இங்கே மலை உண்மையிலேயே சுவர். கேட்கவேண்டிய எண்ணும் மாறிவிடுகிறது: பறவையின் மேல்வரம்பு என்ன, கணவாய் எந்த உயரம்? பனியுகமும் இவற்றுக்கு எதிர்மாறாக வேலை செய்தது. குளிர்ந்தபோது மேல்வரம்பு இன்னும் தாழ்ந்து சுவர் உயர்ந்தது. அதே சமயம் கடல் பின்வாங்கியதால் கரையோரமாகச் சுற்றிப்போகும் வழி அகலமானது. ஒரே தீவு, ஒரே காலம். மேலே இருந்தவை சேர்ந்துகொண்டிருந்தபோது கீழே இருந்தவை பிரிந்துகொண்டிருந்திருக்கலாம். இரண்டு வகையையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுத்தால் "மலைக்கும் மரபணுவுக்கும் தொடர்பில்லை" என்ற பொய்யான விடை வந்துசேரும்.

கரீபியக் கடலிலுள்ள ஹிஸ்பானியோலாத் தீவில் பள்ளமே உண்மையில் கடலாக இருந்திருக்கிறது. தீவின் தெற்கு மலைகளையும் மையத் தொடரையும் பிரிக்கும் தாழ்நிலத்தில் என்ரிக்கிய்யோ ஏரி இருக்கிறது. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 40 மீட்டர் கீழே. கரைகளில் பவளப்பாறைகள் காய்ந்து கிடக்கின்றன, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை கடல் உள்ளே வந்துபோனதற்கு அடையாளமாக. இந்தக் கோட்டின் இரு பக்கமும் காலிப்டோஃபிலஸ் என்ற பறவைப் பேரினத்தின் இரண்டு இனங்கள்: மையத் தொடரின் பக்கம் ஒன்று, தெற்கு மலைகளின் பக்கம் ஒன்று. இத்தகைய இடங்களில் பறவையைப் பிரித்தது பள்ளத்தின் சூடா, பழைய கடல்நீரா என்று பிரித்துச் சொல்வது கடினம். தாழ்நிலப் பறவைகளும் அதே கோட்டில் பிரிந்திருந்தால் நீரின் மேல் சந்தேகம் கூடும். மலைப்பறவைகள் மட்டும் பிரிந்திருந்தால் சூட்டின் மேல். ஒப்பிட்டுப் பார்க்கத் தாழ்நிலத்திலும் ஓர் இனத்தைச் சேர்த்துக்கொள்வது அதனால்தான் அவசியம்.

இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைப்பது ரெயூனியன் தீவின் சாம்பல் வெள்ளைக்கண்ணி. பத்து கிராம்கூடத் தேறாத பறவை. தீவின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்; நடுவில் 3,070 மீட்டர் உயர எரிமலை, பித்தோன் தே நேஜ். இவ்வளவு சிறிய நிலத்துக்குள் ஒரே இனம் இறகு நிறத்தால் வேறுபட்ட வடிவங்களாகப் பிரிந்திருக்கிறது. தாழ்நிலத்தில் மூன்று வடிவங்கள். அவற்றின் எல்லைகள் ஆறுகளிலும் எரிமலைக் குழம்பு ஓடிய வெளியிலும் அமைகின்றன. மேலே, குளிர்ந்த காட்டில் நான்காவது வடிவம். அதற்கும் கீழே இருப்பவற்றுக்கும் நடுவே எந்தத் தடையும் கிடையாது, சரிவு மட்டும்தான். ஆனாலும் கலப்பு நடப்பது குறுகிய பட்டைக்குள். மரபணுத்தொகையைப் பிரித்துப் பார்த்தபோது, மேல்-கீழ் வடிவங்களுக்கிடையே மிக அழுத்தமான வேறுபாடு பாலினக் குரோமோசோமான இசட்-இல் தென்பட்டது. மற்ற குரோமோசோம்களில் பெரும்பாலான இடங்களில் ஓட்டம் தொடர்கிறது. மலை முழு மரபணுத்தொகையையும் ஒரே சீராகப் பிரிப்பதில்லை. சில பகுதிகளை மட்டும் பிடித்து நிறுத்துகிறது, மற்றவற்றைப் போகவிடுகிறது.

ஒரே சரிவில் மேலும் கீழும் வாழும் இரண்டு உறவுக்கார இனங்களைப் பார்த்ததும், "ஒன்று மேலே ஏறி மற்றொன்றாக மாறியது" என்று நினைக்கத் தோன்றும். இலங்கையின் வெள்ளைக்கண்ணிகள் இதற்கு நல்ல எச்சரிக்கை. மலைநாட்டில் இலங்கைக்கே உரிய இனம். தாழ்நிலத்தில் இந்தியாவிலும் காணப்படும் இனம். 2017-இல் மரபணு பார்த்தபோது இரண்டும் அக்கா தங்கை இல்லை என்று தெரிந்தது. தனித்தனிக் காலத்தில் தீவுக்கு வந்து குடியேறியவை; மலைநாட்டு இனம் அந்தப் பேரினத்தின் வேரிலேயே கிளைத்த பழங்குடி. ஒரே சரிவில் பங்கு போட்டுக்கொண்டிருப்பதாகத் தெரியும் இணைகளில் பலவற்றுக்குக் கதை இப்படித்தான்: எங்கோ பிரிந்து, பிறகு சந்தித்து, ஒன்றையொன்று மேலும் கீழும் தள்ளியவை. நியூ கினியில் ஒரு இனத்தின் குரலை ஒலிபெருக்கியில் போட்டு, அதற்கு மேலே அல்லது கீழே வாழும் இனம் பாய்ந்து வருகிறதா என்று சோதித்திருக்கிறார்கள். சில இணைகளில் பாய்ச்சல் தெளிவாக இருந்தது. இரு பக்கமும் ஒரே அளவில் இல்லை.

விதிவிலக்குக்கும் அருகில் வரும் ஒன்று உண்டு. நியூ கினியின் மஞ்சள் அலகு மீன்கொத்தியும் மலை மீன்கொத்தியும் கையில் பிடித்துப் பார்த்தாலும் குழப்புபவை. உடல் அளவிலும் குரலிலும்தான் வேறுபாடு. 2020-இல் வந்த ஆய்வின்படி, இரண்டும் மரபணுத்தொகையில் தனித்தனியே நிற்கின்றன, ஆனால் பிரிந்த பாதையில் மரபணு ஓட்டமும் இருந்திருக்கிறது. உயரம் என்ற தேர்வு, ஓட்டத்தையும் மீறி இனங்களைத் தனித்தனியே நிறுத்திவைக்க முடியும் என்பதற்கு இது வலுவான சான்று.

இனி வேலை நடக்கும் விதம். இங்கேதான் தவறுகள் நுழைகின்றன.

மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய கறுப்பு வலை வழக்கமாக 12 மீட்டர் நீளம். சிறு பறவைகளுக்கு வலைக்கண்ணின் அளவு 30 மில்லிமீட்டரை ஒட்டி. முகட்டில் முகில் படிந்தால் நூலில் நீர்த்துளி கோத்துக்கொண்டு வலை கண்ணாடி மணி மாதிரிப் பளிச்சென்று தெரியும், பறவை விலகிப்போய்விடும். சிக்கியதோ நனைந்து விறைக்கும். 2,500 மீட்டருக்கு மேல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கமுடியாவிட்டால் வலையைச் சுருட்டிவிடுவதே முறை. வில்ஹெல்ம் மலையில் 200 மீட்டரிலிருந்து 3,700 வரை, 500 மீட்டருக்கு ஒரு முகாமாக எட்டு முகாம்கள் வைத்திருக்கிறார்கள். இப்படி உயரவாரியாகச் சமமாக வலை போட்டால்தான் கீழ்வரம்பை நம்பிச் சொல்லலாம். ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. கிடைமட்டத்தைவிட உயரத்தில்தான் அது அதிகம் பிசகும். அட்சரேகை தீர்க்கரேகையைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டு, உயரத்தைப் பிறகு நிலப்பட உயரத்தரவிலிருந்து எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

ரத்தம் எடுப்பது இறக்கையின் அடிப்பக்கத்து ரத்தக்குழாயில். எடுக்கும் அளவு பறவையின் எடையில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பத்து கிராம் பறவைக்கு உச்சவரம்பு 100 மைக்ரோலிட்டர். 30 போதும், தாராளமாகப் போதும். பாலூட்டிகளைப் போலல்லாமல் பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால் ஒரு மைக்ரோலிட்டரிலேயே சில மைக்ரோகிராம் டிஎன்ஏ கிடைத்துவிடும். ஈரப்பஞ்சால் இறகை ஒதுக்கி, 26 எண் ஊசியால் ஒரே குத்து. எழும் துளியை நுண்குழாய் தானே இழுத்துக்கொள்ளும். பிறகு பஞ்சை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். ரத்தத்தை 95 சதவீத எத்தனாலில் விட்டவுடன் குழாயைக் குலுக்கவேண்டும். குலுக்காமல் வைத்தால் வெளிப்புறம் இறுகி, உள்ளே எத்தனால் போகாமல் கட்டியின் நடு அழுகும். மாதம் கழித்து ஆய்வகத்தில் திறக்கும்போது பழுப்பாகக் குழைந்திருக்கும், அதில் வருவது துண்டு துண்டான டிஎன்ஏ. எத்தனால் குறைந்தது பத்து மடங்காவது இருக்கட்டும். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குழாய்க்குள்ளேயே போடவேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்து, நாற்பது குழாயும் ஒரே வெளிர்நீலமாகி, எது எந்த மலை என்று தெரியாமல் போன சேகரிப்பு முழுக்க வீண்.

எந்த இடங்களில் எடுப்பது என்பதுதான் ஆய்வின் உயிர். பள்ளத்தின் இரு பக்கமும் தலா ஓரிடம் மட்டும் எடுத்து, வேறுபாடு தெரிந்ததும் பள்ளத்தைக் குற்றம் சொல்வது மிகப் பரவலான பிழை. தூரம் கூடினாலே வேறுபாடு கூடும். பள்ளத்தைத் தாண்டி 40 கிலோமீட்டரில் ஓரிடம் எடுத்தால், ஒரே மலையின் மேலும் 40 கிலோமீட்டர் இடைவெளியில் இன்னொன்று வேண்டும், முடிந்தால் 80-இலும். இரண்டையும் ஒப்பிட்டபின் மிஞ்சுவதுதான் பள்ளத்தின் பங்கு. இடைப்பட்ட இடங்களை விட்டுவிட்டால், சீராக மாறிச்செல்லும் ஒரே கூட்டத்தையும் கணினி இரண்டு தெளிவான குழுக்களாகப் பிரித்துக் காட்டும். வெள்ளைக்கண்ணி போலக் கூட்டமாகப் பறப்பவற்றில் ஒரே வலையில் தாயும் குஞ்சுகளும் சேர்ந்து விழும்; உறவுக்காரர்களை நீக்காமல் விட்டால் அந்தக் குடும்பமே தனிக் கூட்டமாகத் தெரியும். குரல் போட்டு வரவழைத்தால் ஆண்கள்தான் அதிகம் சிக்கும். ஒரு மலையில் அப்படிப் பிடித்து, இன்னொரு மலையில் சும்மா வலையில் விழுந்ததை எடுத்தால், ஆண்களுக்கு இரண்டு இசட், பெண்களுக்கு ஒன்று என்பதால், வரைபடத்தில் பிரிந்து நிற்பது மலையா பாலினமா என்று குழம்பும். இசட்-ஐத் தனியாக எடுத்துவைத்துப் பார்ப்பது நல்லது.

உயிருள்ள பறவை கிடைக்காத மலைகளுக்கு அருங்காட்சியகத் தோல்கள் கைகொடுக்கின்றன. பறவையியலாளர் எர்ன்ஸ்ட் மாயர் 1928 முதல் 1930 வரை நியூ கினியிலும் சாலமன் தீவுகளிலும் சேகரித்தவை போன்ற பழைய மாதிரிகளின் கால்விரல் அடித்தோலில் துணுக்கு எடுத்தாலே போதும். ஆனால் பழைய டிஎன்ஏ நொறுங்கியிருக்கும், துண்டுகளின் ஓரங்களில் டிஎன்ஏ-வின் சி எழுத்து டி-ஆக மாறியிருக்கும். ஒரு மலையின் மாதிரிகள் எல்லாம் 1930-ஐச் சேர்ந்தவை, எதிர்மலையுடையவை எல்லாம் புது ரத்தம் என்றால், அந்தச் சிதைவே மலைகளுக்கிடையிலான வேறுபாடாக வேஷம் போடும். துண்டுகளின் ஓரத்தை வெட்டவேண்டும், அல்லது அவ்வகை மாற்றங்களைக் கணக்கிலிருந்தே விலக்கவேண்டும். இரு பக்கமும் ஓரிரண்டு பழைய மாதிரிகளையும் சேர்த்து, அவை தத்தம் மலையோடு போய்ச் சேர்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ-வை மட்டும் நம்பி எழுதிய பழைய முடிவுகளை நான் இப்போதெல்லாம் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். அது தாய்வழியில் மட்டும் இறங்குவது. அதன் பயனுறு கூட்ட அளவு (அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படும் பிரதிகளின் கணக்கு) உட்கருக் குரோமோசோம்களுடையதில் கால்பங்கு. வேகமாகப் பிரிந்து காட்டும். பத்து லட்சம் ஆண்டுக்கு இரண்டு சதவீதம் என்ற கடிகாரத்தை வைத்து "இருபது லட்சம் ஆண்டு பழைய பிரிவு" என்று எழுதியபின், முழு மரபணுத்தொகை வந்து, ஓட்டம் நிற்கவே இல்லை என்று காட்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. எதிர்மாறாகவும் நடக்கும்: ஒரு முறை கலந்ததில் ஒரு மலையின் மைட்டோகாண்ட்ரியா அடுத்த மலை முழுவதும் பரவி, பழைய பிரிவையே மறைத்துவிடும்.

எண்களில் மிகவும் ஏமாற்றுவது எஃப்எஸ்டி. 0 முதல் 1 வரை போகும் இந்த அளவு, இரண்டு கூட்டங்களுக்கிடையிலான வேறுபாட்டில் எத்தனை பங்கு கூட்டத்துக்குள் இல்லாதது என்று சொல்கிறது. இரண்டு இணைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் கூட்டங்களுக்கிடையே டிஎன்ஏ எழுத்து வேறுபாடு நூற்றுக்கு 0.5. தாழ்நில இணையில் கூட்டத்துக்குள் வேறுபாடு 0.4, மலை இணையில், சிறு கூட்டங்கள் என்பதால், 0.2. எஃப்எஸ்டி முதலாவதற்கு 0.2, இரண்டாவதற்கு 0.6. பிரிந்த ஆழம் ஒன்றே. எண் மூன்று மடங்கு. மலைமேல் இடம் குறைவு, பறவை குறைவு, தற்செயலாக மரபணு வகைகள் தொலைவது வேகம். அந்த வேகத்தையே "ஆழமான பிரிவு" என்று படித்துவிடுகிறோம். அதனால் கூட்டங்களுக்கிடையிலான வேறுபாட்டையும் கூட்டத்துக்குள்ளான வேறுபாட்டையும் எஃப்எஸ்டி-க்குப் பக்கத்திலேயே அச்சிடாத அட்டவணையை வைத்து மலைப்பறவைகளைப் பற்றி எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே பறவையின் மரபணுத்தொகையிலிருந்து பழைய கூட்ட அளவை வரையும் பிஎஸ்எம்சி வரைபடங்களிலும் இதே மாதிரிப் பொறி இருக்கிறது: கூட்டம் பெருத்ததாகக் காட்டும் மேடு, உண்மையில் கூட்டம் இரண்டாகப் பிரிந்திருந்த காலமாகவும் இருக்கலாம்.

இப்போது இந்தக் கீழ்வரம்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. நியூ கினியின் கரிமுய் மலையிலும் கர்கார் தீவிலும் 1960-களில் ஜாரெட் டயமண்ட் பதிவுசெய்த உயர எல்லைகளை அரை நூற்றாண்டு கழித்து அதே தடங்களில் மறுபடி அளந்து, 2014-இல் வெளியிட்டார்கள். பறவைகளின் மேல்வரம்பு சராசரியாகக் கரிமுய்யில் 113 மீட்டரும் கர்காரில் 152 மீட்டரும் உயர்ந்திருந்தது. கீழ்வரம்புகளும் மேலே ஏறியிருந்தன.

2,200 மீட்டர் உயர மலையைக் கூம்பாக வைத்துக் கணக்குப் போட்டால், 1,200 மீட்டரிலிருக்கும் கீழ்வரம்பு 200 மீட்டர் ஏறும்போது மிஞ்சும் நிலம் முன்பிருந்ததில் 64 சதவீதம். மேலே போக வேறு இடம் கிடையாது. அந்தக் கூட்டத்துக்குள் வேறுபாடு குறையும். அடுத்த மலையோடு ஒப்பிட்ட எஃப்எஸ்டி ஏறும், புதிதாக எந்தத் தகவமைப்பும் நடக்காமலேயே. இன்று எடுக்கும் முப்பது மைக்ரோலிட்டரையும், மாயர் காலத்துத் தோலின் கால்விரல் துணுக்கையும் ஒரே மலையிலிருந்து அருகருகே வைத்துப் படித்தால், அந்த ஏற்றத்தில் எவ்வளவு பழைய பிரிவு, எவ்வளவு இந்தத் தொண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் தொலைந்தது என்று பிரித்துவிடலாம். ஆர்ஃபக் மலைக்கு அப்படிப்பட்ட தோல்கள் இழுப்பறைகளில் இருக்கின்றன.